பழைய பிளேடு சேசிஸ் சல்லிசா வருது: எடுக்கலாமுங்களா, கரண்ட் பில்லுல போயிருமா?

நொய்யல்கரை (திருப்பூர்)

வணக்கமுங்க. பனியன் கம்பெனிகளுக்கு ஈஆர்பி (கம்பெனி நிர்வாக சாப்ட்வேர்), சம்பளக் கணக்கு, டேலி இதெல்லாம் எங்க ஆபீஸ்லயே சர்வர் வெச்சு ஓட்டிக் குடுத்துட்டு இருக்கோம். இப்ப இருக்கறது பூராம் வேற வேற வருசத்துல வாங்குன 1யூ, 2யூ பொட்டிங்க (யூங்கறது ரேக்ல சர்வர் அடுக்கற உயர அளவு). ஒரு ரேக்ல அடங்கிருது. சத்தம்தான் தாங்க முடியல. பக்கத்து ரூம்ல ஃபோன் பேசறதே கஷ்டம்.

தெரிஞ்ச எக்ஸ்போர்ட் கம்பெனி ஒண்ணு கிளவுடுக்கு மாறிட்டாங்க. அவங்க எச்பி சி7000 பிளேடு சேசிஸ் (பிளேடுங்கற தட்டையான சர்வர்களை வரிசையா சொருகற பெரிய பொட்டி) விலைக்கு வருது. 10யூ உயரம், பதினாறு பிளேடும் உள்ளயே இருக்கு. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஜியான் இ5-2680 வி4 சிப், ரேம் 128 ஜிபி. கேக்கற விலை ஒரு புது 2யூ சர்வர் விலையில பாதிகூட வராது.

எங்க ரூம் மூணாவது மாடியில. 2 டன் ஸ்பிளிட் ஏசி ரெண்டு, 10 கேவிஏ யூபிஎஸ் ஒண்ணு. பிளேடுன்னா கரண்ட் கம்மியா இழுக்கும், வேகம் ஜாஸ்தின்னு விக்கறவர் சொல்றார். நெசமுங்களா? பார்த்தவங்க சொல்லுங்க.

---

ரேக்கடி (கணபதி, கோவை)

16 பிளேடு, ஒண்ணுக்கு 28 கோர் (சிப்புக்குள்ள இருக்கற தனித்தனி கணிப்பு அலகு), ஆக 448 கோர். கேட்டதும் ஆசை வரத்தான் செய்யும்.

வேகத்தை முதல்ல முடிச்சுடலாம். அதே இ5-2680 வி4 சிப்பை 1யூ பொட்டியில போட்டாலும் பிளேடுல போட்டாலும் ஒரே வேகம்தான். பிளேடுங்கறது சர்வரோட உடம்பு, மூளை இல்ல. சில இடத்துல பிளேடுக்குக் கொஞ்சம் பாதகமும் உண்டு. அந்தத் தலைமுறை அரை உயர பிளேடுல ரேம் சொருக 16 இடம், அதே காலத்து 1யூ சர்வர்ல 24. டிஸ்க் போட ரெண்டே இடம். அதனால டேட்டாபேஸ் வெளிய ஒரு ஸ்டோரேஜ் பொட்டியில உக்காரும், வேகம் அந்தப் பொட்டி கையில போயிடும். மாசக் கடைசியில சம்பளம் போடறப்ப திணறுச்சுன்னா அதுக்குக் காரணம் பெரும்பாலும் டிஸ்க்தான், கோர் பத்தாம இல்ல.

நெட்வொர்க்கையும் எண்ணிப் பாருங்க. பதினாறு பிளேடுக்கும் உள்பக்கம் 10 ஜிகாபிட்னா மொத்தம் 160. வெளிய போற வழி நாலு 10 ஜிகாபிட் கேபிள்னா 40. நாலுக்கு ஒண்ணு. ஈஆர்பிக்கு இது போதும். ராத்திரி எல்லா பிளேடும் ஒரே நேரத்துல பேக்கப் எடுக்க ஆரம்பிச்சா போதாது.

இப்ப நான் கேக்கறேன்: இப்ப ஓடற சர்வர்ங்கள்ல சிபியு சராசரியா எத்தனை சதம்? அதைச் சொல்லாம மேல பேசறதுல அர்த்தமில்ல.

---

பெருந்துறை பார்ட்ஸ்

பிளேடுன்னு யார் கேட்டாலும் இந்த ஃபோரத்துல ஒரே மாதிரி பயமுறுத்தறீங்க. நான் பழைய சாமான் வாங்கி விக்கறவன், மறைக்கல. ஆனா நல்லது நாலு இருக்கறதையும் சொல்லணுமில்ல.

பதினாறு 1யூ சர்வரை ரேக்ல ஏத்திப் பாருங்க. ஒண்ணுக்கு லேன் ரெண்டு, ஸ்டோரேஜ் ரெண்டு, மேனேஜ்மென்ட் ஒண்ணு, பவர் ரெண்டு. மொத்தம் 112 ஒயர். ரேக் பின்னாடி கைவிட இடமிருக்காது, சூடான காத்து வெளிய வர வழியும் இருக்காது. சேசிஸ்ல பவர் கேபிள் ஆறு, வெளிய போற நெட்வொர்க் கேபிள் சில. அவ்ளோதான்.

அப்பறம் பவர் சப்ளை. 1யூ சர்வர் பதினாறுன்னா எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பொட்டி) முப்பத்திரண்டு. 800 வாட் எஸ்எம்பிஎஸ் ரெண்டு இருக்கற பொட்டி 200 வாட் இழுக்குதுன்னு வைங்க. ஆளுக்கு 100 வாட், அதாவது எட்டுல ஒரு பங்கு சுமை. பிளாட்டினம் தர எஸ்எம்பிஎஸ் 50 சத சுமையில 94 சதம் திறன் காட்டணும், 20 சத சுமையில 90. அதுக்கும் கீழ போனா இன்னும் சரியும். சேசிஸ்ல ஆறே ஆறு பெரிய சப்ளை, எல்லா பிளேடுக்கும் பொது. சுமை குறைஞ்சா தேவைக்கு மேல இருக்கறதைத் தூங்கப் போட்டு, மிச்சத்தை நல்ல திறன் இருக்கற இடத்துல ஓட்டும். இது 1யூ பொட்டிக்கு வராது.

---

அறுபதாம் நம்பர் நூல் (பல்லடம்)

கம்ப்யூட்டர் நமக்கு அரைகுறைங்க. ஸ்பின்னிங் மில்லுல எலக்ட்ரிகல் பாக்கறேன். ஃபேன் பத்தி மட்டும் சொல்லலாம், ஏன்னா நம்ம பொழப்பே அதுதான்.

மில்லுக்குள்ள ஈரக்காத்து விடற ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்ட்ல சப்ளை ஃபேன், ரிட்டர்ன் ஃபேன் எல்லாத்துக்கும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கற டிரைவ் மாட்டுனதுக்குக் காரணம் ஒரே விதி: ஃபேன் இழுக்கற பவர், சுத்தற வேகத்தோட மும்மடியில போகும். வேகத்தை 80 சதத்துக்குக் கொண்டாந்தா பவர் 51 சதம். அஞ்சுல ஒரு பங்கு வேகம் குறைச்சா கரண்ட் பாதி. இதே விதி சர்வர் ஃபேனுக்கும் பொருந்தும். 1யூ பொட்டியில இருக்கறது 40 மில்லிமீட்டர் பொடி ஃபேன், பொடி ஃபேன்ல காத்து தள்ளணும்னா கதறக் கதறச் சுத்தணும். நொய்யல்கரை தம்பி கேக்கற சத்தம் அதுதான். சேசிஸ்ல பெரிய ஃபேன் பத்து, பொதுவா. அதே காத்தைக் கம்மி வேகத்துல தள்ளும். பார்ட்ஸ்காரர் சொல்றதுல இந்த அளவுக்கு நியாயம் இருக்குங்க.

மறுபக்கமும் உண்டு. ரூம் சூடாச்சுன்னா பத்து ஃபேனும் சேந்து ஏறும். ஏசியை 27க்கு வெச்சு கரண்ட் மிச்சம் பண்ணிட்டோம்னு நெனைப்போம், ஃபேன் அந்த மிச்சத்தைத் தின்னுட்டு இருக்கும். எங்க நிறுத்தறதுங்கறதை மீட்டர் வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும்.

அப்பறம், மூணாவது மாடின்னு சொன்னீங்க. சேசிஸ் முழுசா நெறஞ்சா 200 கிலோவைத் தாண்டும்னு எங்க ஐடி பையன் சொல்றான். லிஃப்ட் இருக்குதுங்களா? தளம் தாங்குமான்னு கட்டடக்காரரைக் கேட்டீங்களா?

---

நொய்யல்கரை

@ரேக்கடி அண்ணா, பார்த்தனுங்க. பகல்ல சிபியு பத்து சதத்தைச் சுத்தியே நிக்குது. ராத்திரி அதுவும் இல்ல. சம்பளம் போடற ரெண்டு நாள் மட்டும் டேட்டாபேஸ் பொட்டி பாதிக்கு மேல போகுது, அப்பயும் டிஸ்க் வெயிட்தான் ஜாஸ்தி.

@அறுபதாம் நம்பர், லிஃப்ட் இருக்குங்ணா, ஆனா ஆள் போற லிஃப்ட்தான். பிளேடைக் கழட்டி ஒண்ணொண்ணா கொண்டு போலாம்னு விக்கறவர் சொல்றார்.

---

அம்பத்தூர்ல ஒரு கோபிக்காரன்

சொந்த ஊர் கோபி, வேலை சென்னையில் டேட்டா சென்டரில். கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி சொன்ன பத்து சதம்தான் இந்த இழையின் முக்கியமான எண். 2007இல் கூகுளைச் சேர்ந்த பரோசோ, ஹோல்ஸ்லே இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் பார்த்த சர்வர்கள் பெரும்பாலான நேரம் 10 முதல் 50 சத வேலையில்தான் இருந்தன. வேலையே இல்லாமல் நிற்கும்போதும் உச்ச மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியை இழுத்துக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகு வந்த சிப்கள் இதில் நன்றாக முன்னேறியிருக்கின்றன. ஆனாலும் சும்மா நிற்கும் சர்வர் இலவசமில்லை. 448 கோர் வாங்கி அதில் நாற்பது கோர் வேலையைப் போட்டால், மிச்ச நானூறும் அறையைச் சூடாக்கும்.

பிளேடு பிறந்த கதையைக் கேட்டால் இது இன்னும் தெளிவாகும். 2001இல் அமெரிக்காவில் ஆர்எல்எக்ஸ் என்ற நிறுவனம் 3யூ பெட்டிக்குள் 24 பிளேடுகளை அடுக்கி விற்றது. உள்ளே டிரான்ஸ்மெட்டா குருசோ என்ற மிகக் குறைந்த மின்சாரச் சிப். இடமும் மின்சாரமும் இரண்டும் மிச்சம் என்பதுதான் அப்போதைய பேச்சு. 2002இல் ஐபிஎம் பிளேடுசென்டர் வந்தது, 7யூவில் 14 பிளேடு. எச்பி 2005இல் ஆர்எல்எக்ஸை வாங்கியது, 2006இல் சி7000 வந்தது. இவற்றிலெல்லாம் பெரிய சர்வருக்குரிய முழுச் சிப்தான். இடம் மிச்சம் என்ற பாதி தங்கியது, மின்சாரம் மிச்சம் என்ற பாதி கரைந்துபோனது. 42யூ ரேக்கில் நான்கு சி7000 அடுக்கினால் 64 சர்வர். ஒன்றுக்கு 300 வாட் என்றாலே 19 கிலோவாட். ரேக்குக்கு ஐந்தாறு கிலோவாட் என்று கட்டிய அறைகளில் இதை எப்படிக் குளிர்விப்பது? பல இடங்களில் ஒரு ரேக்குக்கு ஒன்றோ இரண்டோ சேசிஸ் வைத்துவிட்டு மீதியைக் காலியாக விட்டார்கள். இடத்தை மிச்சம் பிடிக்க வாங்கிய சாதனத்துக்காக இடத்தைக் காலியாக விட்டது எனக்கு இன்றும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று. சர்வர் இழுப்பது மட்டும் பில் அல்ல. ஏசி, யூபிஎஸ் இழப்பு, விளக்கு எல்லாம் சேர்த்து மொத்தம் எத்தனை மடங்கு என்பதைத்தான் பியூஇ என்கிறோம். 2007இல் கிரீன் கிரிட் அமைப்பு கொண்டுவந்த அளவுகோல், 2016இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. அப்டைம் இன்ஸ்டிட்யூட் கணக்கில் உலகச் சராசரி 2007இல் 2.5, 2023இல் 1.58. ஸ்பிளிட் ஏசி போட்ட சிறிய அறையில் 1.8 வந்தால் நீங்கள் நன்றாக நடத்துகிறீர்கள் என்று பொருள்.

பியூஇயில் ஒரு வம்பும் உண்டு. சர்வருக்குள் இருக்கும் ஃபேன் இழுப்பதும் "ஐடி சுமை" கணக்கில்தான் சேரும். நூல்காரர் சொன்னதுபோல அறையைச் சூடாக விட்டால் ஏசி பில் குறையும், உள் ஃபேன் பில் ஏறும், பியூஇ அழகாக இறங்கும், மொத்த பில் அப்படியே இருக்கும். ஆகவே பியூஇ எண்ணை மட்டும் காட்டிப் பேசுகிறவர்களிடம் மாதாந்தர யூனிட் எத்தனை என்று கேளுங்கள்.

---

சங்ககிரி லோடு

எங்க ஊர் பாஷையில சொல்லட்டுங்களா. பதினாறு டன் ஏத்தற வண்டியில நாலு டன் ஏத்திட்டு டன் கணக்குல டீசல் போட்டுப் பார்த்தா என்னாகும், அதான் இது. டிரைவர் பேட்டா, டோல்கேட், டயரு எல்லாம் அதேதான்.

வேணுங்கற நாலு பிளேடை மட்டும் ஓட்டிட்டு மிச்சத்தை அணைச்சு வெச்சுக்கலாமில்ல?

---

ரேக்கடி

> வேணுங்கற நாலு பிளேடை மட்டும் ஓட்டிட்டு

அந்தக் கணக்கைப் போட்டே பாத்துடலாம். எண்ணெல்லாம் உத்தேசம், உங்க மீட்டர் வேற காட்டும்.

பிளேடு ஒண்ணு 200 வாட்னு வைங்க. சேசிஸ் தன் பங்குக்கு ஃபேன், ரெண்டு சுவிட்ச், மேனேஜ்மென்ட் மாட்யூல் (சேசிஸைக் கண்காணிக்கற பலகை) எல்லாம் சேத்து ஒரு 500 வாட் எடுக்குதுன்னு வைங்க. நாலு பிளேடுன்னா 800 உடன் 500, மொத்தம் 1,300. அதுல 38 சதம் சேசிஸுக்கே போச்சு. பதினாறு பிளேடுன்னா 3,200. ஃபேன் கொஞ்சம் வேகமெடுக்கறதால சேசிஸ் பங்கு 700 ஆகுதுன்னு வெச்சாலும் மொத்தம் 3,900, அதுல 18 சதம். பார்ட்ஸ்காரர் சொன்ன பொதுப் பவர் சப்ளை, நூல்காரர் சொன்ன பெரிய ஃபேன், ரெண்டும் நெசம். ஆனா அது நெறஞ்ச சேசிஸுக்கு எழுதின கணக்கு.

காலி ஸ்லாட்டுல பிளாங்க் பிளேட் (அந்த இடத்தை அடைக்கற மூடி) மாட்டாம விட்டா இன்னும் கேடு. காத்து சுலபமான வழியில ஓடிடும், சூடான பிளேடு பக்கம் போகாது, ஃபேன் அலறும். பழைய சாமான் வாங்கறவங்க பிளாங்க் கேட்டு வாங்கறதே இல்ல.

மேனேஜ்மென்ட் மாட்யூலையும் பாத்துக்கங்க. பழைய ஃபர்ம்வேர்னா (அதுக்குள்ள பதிஞ்சிருக்கற சாப்ட்வேர்) இன்னைக்கு இருக்கற பிரவுசர் அதோட பேசாது, ஜாவா கன்சோல் திறக்காது. புது ஃபர்ம்வேர் இறக்கணும்னா பல கம்பெனிக்காரங்க சப்போர்ட் கான்ட்ராக்ட் கேப்பாங்க. நடுவுல எல்லா பிளேடும் சொருகற மிட்பிளேன் பலகை போச்சுன்னா பதினாறும் ஒரே நேரத்துல படுக்கும். அரிதுதான், ஆனா ஒரே சேசிஸ் வெச்சிருக்கறவனுக்கு அரிதுங்கறது ஆறுதல் ஆகாது.

---

மருதமலை லேப்

கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி ஆய்வகம் பார்த்துக்கொள்கிறேன். எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதால் எதிர்ப்பக்கம் ஒரு வார்த்தை.

எங்களிடம் இருக்கும் சேசிஸ் மாணவர்களின் சிமுலேஷன் வேலைக்கு. வேலை வந்தால் பதினாறு பிளேடும் நூறு சதத்தில் நாள்கணக்காக ஓடும். வேலை இல்லையென்றால், வேலைகளை வரிசைப்படுத்தும் சுலர்ம் ஷெட்யூலரே பிளேடுகளை அணைத்துவிடும், அடுத்த வேலை வரிசைக்கு வந்ததும் எழுப்பும். ஒரு பிளேடு இன்னொரு பிளேடோடு பேசுவது சேசிஸுக்குள்ளேயே முடிந்துவிடுவதால் ரேக்கடி அண்ணன் சொன்ன நாலுக்கு ஒண்ணு நெரிசல் எங்களுக்கு வருவதில்லை. பழுதான பிளேடை உருவிவிட்டு வேறொன்றைச் சொருக ஒரு மாணவி போதும், ரேக் பின்னால் போகவே வேண்டாம். இந்த மாதிரி வேலைக்கு பிளேடு நன்றாகவே இருக்கிறது.

நொய்யல்கரை வேலை அப்படி இல்லை. இருபத்திநாலு மணி நேரமும் விழித்திருக்கணும், ஆனால் பெரிதாக எதுவும் செய்யக்கூடாது. கம்பெனிக்காரர் ராத்திரி பதினொன்றுக்கு ஷிப்மென்ட் பார்ப்பார், அப்போது அணைத்து வைத்திருக்க முடியாது.

---

பெருந்துறை பார்ட்ஸ்

அக்கா சொன்னது சரி. ஆனா எல்லாரும் "புதுசு வாங்கு"ன்னு சுத்தி வளைச்சு வர்றீங்க. புது சர்வருக்கு முதல் யார் போடறது, வட்டி யார் கட்டறது? கரண்ட் மிச்சம்னு சொல்லி கடன்ல உக்காரறதுக்கு பழைய சாமானே தேவலை.

---

அம்பத்தூர்ல ஒரு கோபிக்காரன்

நியாயமான கேள்வி, ரூபாயில் பார்த்துவிடுவோம். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். டிமாண்ட் சார்ஜ் தனி, இதில் சேர்க்கவில்லை.

ஒரு கிலோவாட் வருடம் முழுக்க ஓடினால் 8,760 யூனிட், அதாவது 70,080 ரூபாய். பியூஇ 1.8 என்றால் 1,26,144 ரூபாய். பதினாறு பிளேடும் நன்றாக வேலை செய்து சேசிஸ் 5 கிலோவாட் இழுத்தால் வருடத்துக்கு 6,30,720 ரூபாய்.

எதிரில் 2022 கடைசியில் வந்த ஏஎம்டி எபிக் 9654 சிப்பை வையுங்கள். சிப்புக்கு 96 கோர், ஒரு சர்வரில் இரண்டு சிப், ஆக 192. கோர் ஒவ்வொன்றும் அந்த 2016 ஜியான் கோரைவிட நன்றாக வேகம். இப்படி இரண்டு சர்வர் வைத்தாலே அந்த பதினாறு பிளேடின் வேலை அடங்கிவிடும், முழுச் சுமையில் இரண்டும் சேர்ந்து 2 கிலோவாட் சுற்றுவட்டாரம். மிச்சம் 3 கிலோவாட், வருடத்துக்கு 3,78,432 ரூபாய். இந்தத் தொகையை உங்கள் கையில் இருக்கும் கொட்டேஷனோடும் வங்கி வட்டியோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் இது 448 கோர் வேலை உண்மையில் இருக்கிறவர்களுக்கான கணக்கு. பார்ட்ஸ்காரர் ஐயா, உங்கள் கடையிலேயே இதற்கு விடை இருக்கிறது. அதே 2016 தலைமுறை 2யூ பெட்டி இரண்டு மூன்று எடுத்து, ரேமை நிறைத்து, எஸ்எஸ்டி போட்டு, பழைய சர்வர்களை எல்லாம் விர்ச்சுவல் மெஷினாக (ஒரே பெட்டிக்குள் ஓடும் மென்பொருள் சர்வராக) அதில் ஏற்றிவிட்டால் தம்பிக்குப் போதும். 2யூவில் ஃபேனும் பெரிது, சத்தமும் குறையும். முதலும் குறைவு.

---

பெருந்துறை பார்ட்ஸ்

2யூ இருக்கு. அதுல எனக்கு மார்ஜின் கம்மி, அதையும் சொல்லிடறேன் 😀

---

அறுபதாம் நம்பர் நூல்

ஏசி பத்தி யாரும் பேசல. 1 டன்னுங்கறது 3.5 கிலோவாட் சூட்டை எடுக்கறது. 2 டன் ஸ்பிளிட் காகிதத்துல 7 கிலோவாட். வீட்டு ஸ்பிளிட் ஏசி அதுல ஒரு பங்கை ஈரம் பிழியறதுக்கே செலவு பண்ணும், சூட்டுக்குன்னு மிஞ்சறது முக்கால் பங்குன்னு வைங்க, அஞ்சு சொச்சம். சேசிஸ் 5 கிலோவாட், பழைய பொட்டிங்க ஒரு 2 கிலோவாட். ரெண்டு ஏசியும் ஓடுனா சமாளிக்கலாம். ஒண்ணு நின்னுச்சுன்னா? சித்திரை மாசம் மத்தியானம் மூணு மணிக்கு மொட்டை மாடிக்குக் கீழ இருக்கற ரூம்ல அது நின்னா, மெக்கானிக் வந்து சேர்றதுக்குள்ள சர்வர் தானா அணைஞ்சிரும்.

பாலக்காட்டுக் கணவாய் காத்து இருக்கே, மார்கழி தை ராத்திரியில 20 டிகிரிக்குக் கீழ போகுதே, வெளிக்காத்தையே உள்ள விடலாமேன்னு எங்க மில்லுல ஒருத்தர் யோசனை சொன்னார். ஆஷ்ரே (ஏசி பொறியாளர்களோட அமெரிக்க சங்கம்) சொல்ற பரிந்துரை 18 முதல் 27 டிகிரி, அது சரிதான். ஆனா ஈரத்துக்கும் வரம்பு இருக்குதுங்க, பனிப்புள்ளி (காத்துல இருக்கற ஈரம் தண்ணியா படியற வெப்பநிலை) 15 டிகிரிக்கு மேல போகக்கூடாதுன்னு. நம்ம பக்கம் மழைக்காலத்துல அது சுலபமா தாண்டிரும். மில்லுக்கு ஈரம் வேணும், ஈரம் இல்லைன்னா நூல் அறுந்துட்டே இருக்கும். சர்வருக்கு அதே ஈரம் ஆகாது.

அப்பறம் பஞ்சு. திருப்பூர்ல நிட்டிங் பக்கத்துல ரூம்னா காத்துல பஞ்சுத் தூசி இல்லாம இருக்காது. பிளேடுக்குள்ள ஹீட்சிங்க் தகடு நெருக்கமா இருக்கும், அதுல பஞ்சு மெத்தை மாதிரி படியும். வெளிய இருந்து பார்த்தா தெரியாது, ஃபேன் வேகம்தான் மெல்ல மெல்ல ஏறும். சாயப்பட்டறை, கழிவுநீர்த் தொட்டி பக்கமா இருந்து அழுகின முட்டை வாடை அடிச்சா இன்னொரு கவலை. சல்ஃபைடு வாயு வெள்ளியையும் செம்பையும் அரிக்கும். செம்புத் தகடும் வெள்ளித் தகடும் ஒரு மாசம் ரூம்ல தொங்கவிட்டு அரிப்பை அளந்து பாக்கற முறை இருக்குங்க. செம்புல மாசத்துக்கு 300 ஆங்ஸ்ட்ராம் (மில்லிமீட்டர்ல கோடியில ஒரு பங்குதான் ஒரு ஆங்ஸ்ட்ராம்), வெள்ளியில 200, அதுக்குள்ள இருந்தா சரி.

---

நொய்யல்கரை

நிட்டிங் கீழ் மாடியிலதானுங்ணா. ஏசி ஃபில்டரைக் கழட்டுனா பஞ்சாத்தான் வருது.

யூபிஎஸ் பத்தி ஒண்ணு கேக்கணும். 10 கேவிஏ தாங்குமா?

---

ரேக்கடி

10 கேவிஏ, 0.9 பவர் ஃபேக்டர்னா 9 கிலோவாட். சேசிஸும் பழைய பொட்டியும் சேந்து 7. தாங்கும், ஆனா பேட்டரி நேரம் இப்ப வர்றதுல பெரும்பகுதி போயிடும். ஜெனரேட்டர் எடுக்கற வரைக்கும் நின்னா போதும்னு நெனைக்கறீங்க, சரி. ஏசி யூபிஎஸ்ல இல்லையே? சர்வர் ஓடும், ஏசி நிக்கும். 7 கிலோவாட் சின்ன ரூம்ல ஏசி இல்லாம நின்னா நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறும்.

2012 மின்வெட்டு காலத்துல நம்ம பக்கம் இதை எல்லாரும் பார்த்திருப்பீங்க. பேட்டரி தீர்றதுக்கு முன்னாடியே சூட்டுல சர்வர் படுத்துடும்.

ஆறு பவர் கேபிளும் வீட்டு பிளக்குல சேராது, 16 ஆம்ப் சி20 இன்லெட். மூணு ஒரு ஃபீடு (கரண்ட் வர்ற வழி), மூணு இன்னொரு ஃபீடுன்னு பிரிக்கணும். ஒரே யூபிஎஸ்ல ஆறையும் சொருகிட்டு ரிடண்டன்சி (ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தாங்கற ஏற்பாடு) இருக்குன்னு சொல்றவங்களை நெறய பார்த்துட்டேன். கரண்ட் வந்ததும் பதினாறும் ஒண்ணா எழும்பாம வரிசையா எழும்பற மாதிரி சேசிஸ்லயே வைக்கலாம், அதையும் யாரும் வைக்கறதில்ல.

---

பேட்டர்ன்மாஸ்டர் (அவிநாசி)

சும்மா கிளவுடுக்குப் போங்கப்பா. இந்தக் காலத்துல உக்காந்து சேசிஸ் பேசிட்டு.

---

மருதமலை லேப்

மாதாமாதம் டாலர் விலையில் பில் வரும்போது இதே இழைக்கு வந்து எழுதுங்கள். 😊

---

நெறியாளர்

கிளவுடா, சொந்த சர்வரா என்ற சண்டைக்குத் தனி இழை ஏற்கெனவே இருக்கிறது. பிராண்டு சண்டையாக மாறிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். தலைப்போடு நில்லுங்கள்.

---

சங்ககிரி லோடு

அப்ப பிளேடு செத்துப்போச்சுன்னு எடுத்துக்கலாமுங்களா?

---

அம்பத்தூர்ல ஒரு கோபிக்காரன்

சாகவில்லை, உருமாறியிருக்கிறது. பவர் சப்ளையைப் பொதுவாக்குவது என்ற யோசனையை 2011இல் ஃபேஸ்புக் தொடங்கிய ஓபன் கம்ப்யூட் திட்டம் சேசிஸிலிருந்து பிடுங்கி ரேக் முழுமைக்கும் கொண்டுபோனது. ரேக்கின் பின்னால் ஒரு செம்புப் பட்டை, அதற்கு மின்சாரம் தர ஒரு பொது அடுக்கு, சர்வர்கள் அதில் நேராகச் சொருகிக்கொள்ளும். ஒரு கம்பெனியின் சேசிஸில் அதே கம்பெனியின் பிளேடு மட்டுமே என்ற பூட்டு அங்கே தளர்ந்தது. பிளேடு வாங்கியவர்கள் அதிகம் புலம்பியது அந்தப் பூட்டைப் பற்றித்தான்.

இப்போது ஏஐ ரேக்கைப் பாருங்கள். 2024இல் என்விடியா அறிவித்த என்விஎல்72 ஒரே ரேக்கில் 72 ஜிபியு (ஏஐ கணக்குப் போடும் சிப்), 18 கணிப்புத் தட்டு, 9 சுவிட்ச் தட்டு. இழுப்பது சுமார் 120 கிலோவாட். காற்றால் முடியாது, சிப்பின் மேலேயே திரவம் ஓடுகிறது. நாங்கள் 19 கிலோவாட்டுக்கு மூச்சு வாங்கிய இடத்தில் இது ஆறு மடங்கு. வடிவத்தைப் பார்த்தால் அது மிகப் பெரிய பிளேடு சேசிஸ்தான். நடுவில் இருக்கும் நமக்கு இரண்டுமே பொருந்தாது என்பது வேறு விஷயம்.

---

நொய்யல்கரை

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. வீட்ல, ஆபீஸ்ல எல்லாம் பேசி முடிவு பண்ணிட்டோம்.

சேசிஸ் எடுக்கல. 2யூ பொட்டி மூணு எடுக்கறோம், பார்ட்ஸ் அண்ணன்கிட்டயே பேசிட்டு இருக்கேன். ரெண்டுலயே எல்லா விர்ச்சுவல் மெஷினும் அடங்கிரும், ஒண்ணு படுத்தாலும் மிச்ச ரெண்டு தாங்கற மாதிரி. டேட்டாபேஸுக்கு உள்ளயே எஸ்எஸ்டி. பழசையெல்லாம் மாத்தி முடிச்சதும் அணைச்சிருவோம். யூபிஎஸுக்குப் பின்னாடி ஒரு எனர்ஜி மீட்டர், ஏசி லைன்ல ஒண்ணு, ரெண்டும் அடுத்த வாரம் மாட்டறாங்க. கோபி அண்ணன் சொன்ன பியூஇ எங்க ரூம்ல எவ்ளோன்னு ஒரு மாசம் ஓடுனதும் போடறேன்.

ஒரு சின்ன ஏசியையாவது ஜெனரேட்டர் லைன்ல முதல்ல எடுக்கற மாதிரி மாத்தச் சொல்லிருக்கேன். பஞ்சுக்கு என்ன பண்றதுன்னுதான் தெரியல. நூல் அண்ணா, ரூமுக்கு வர்ற காத்துக்கு எந்த ஃபில்டர் போடறது?

---

அறுபதாம் நம்பர் நூல்

மொதல்ல வெளிக்காத்து எவ்ளோ வேணுமோ அவ்ளோதான் உள்ள விடணும், கதவுக்கு ரப்பர் அடிச்சிருங்க. வர்ற காத்துக்கு முன்னாடி கழுவற மாதிரி ஒரு வலை ஃபில்டர், அதுக்குப் பின்னாடி எம்இஆர்வி (ஃபில்டர் எவ்ளோ வடிகட்டும்ங்கற தர எண்) 11 இல்ல 13. வலையை வாரம் ஒருதாட்டி கழுவுங்க. கழுவாம விட்டா பின்னாடி இருக்கற விலை ஜாஸ்தி ஃபில்டர் அடைச்சிரும். ரூமுக்குள்ள காத்தழுத்தம் வெளிய விட ஒரு துளி கூட இருந்தா பஞ்சு தானா உள்ள வராது.

---

மருதமலை லேப்

நொய்யல்கரை, அந்த சேசிஸை வேறு யாராவது எடுத்துவிட்டார்களா? எங்கள் பழைய சேசிஸுக்கு உதிரி பிளேடும் ரெண்டு பவர் சப்ளையும் தேவைப்படுகிறது. முழுதாகவே எடுத்தாலும் எடுப்போம், தரைத்தளம், 16 ஆம்ப் லைன் ஏற்கெனவே இருக்கிறது. பிளாங்க் பிளேட் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

---

நொய்யல்கரை

இன்னும் போகலீங்க்கா. தனி மெசேஜ்ல விவரம் அனுப்பறேன். பிளாங்க் நாலு இருக்குதாமா.